ஆக்னஸ் இறங்கக் கூடாது

கடலில் கண்ணிவெடிகளைத் தேடி அகற்றும், சால்ட்ஹேவன் துறைமுகத்தைச் சேர்ந்த கண்ணிவாரிக் கப்பல்களில் மூன்று அந்தக் குளிர்காலத்தில் மூழ்கின. மூன்றிலும் சேர்த்துப் பதினொரு பேர் பிழைத்தார்கள். விசாரணைக் குழு அவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, கோகோ கொடுத்து, கப்பல் ஏன் மூழ்கியது என்று கேட்டது. ஒருவர் துருப்பிடித்த தகடு என்றார். ஒருவர் பழைய வரைபடம் என்றார். இன்னொருவர், கண்ணிவெடி இருக்கும் இடத்தைக் காட்டிய கடிதம் கப்பல் மூழ்கிய மறுநாள்தான் வந்தது என்றார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் பதினொரு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் பூனை இறங்கிப் போய்விட்டது.

குழு முறையாக வேலை செய்யும் குழு. சாட்சிகள் ஒத்துப்போகாத விஷயங்களை எல்லாம் அடித்துவிட்டு, ஒத்துப்போன விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு துறைமுகத்தில் மீதமிருந்த இருபத்தாறு கப்பல்களையும் சோதித்தார்கள். இருபத்தாறிலும் பூனை இருந்தது. இருபத்தாறும் மிதந்துகொண்டிருந்தன. போர் தொடங்கிய பதினெட்டு மாதங்களில் அந்த அலுவலகத்துக்கு இவ்வளவு தெளிவான புள்ளிவிவரம் கிடைத்ததே இல்லை.

இப்படித்தான் 1941 பிப்ரவரியில் ஆணை எண் 114 பிறந்தது. அதில் மூன்று பிரிவுகள். புறப்பட நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கும்போது எந்தக் கப்பலின் பூனையும் கரையில் இறங்கக் கூடாது. பூனை இல்லாத கப்பல் புறப்படக் கூடாது. பூனை உள்ள கப்பல் புறப்படாமல் இருக்கக் கூடாது.

இதைக் கவனித்துக்கொள்ள 'கப்பல் பிராணிகள் மற்றும் மனவுறுதிப் பிரிவு' ஒன்றைத் தொடங்கி, லெப்டினன்ட் பாம்ஃப்ரெட் என்பவரை அதற்குத் தலைவராக்கினார்கள். அவர் போருக்கு முன்னால் ஹாரோகேட் நகரில் தொப்பிக் கடை நடத்தியவர். வாழ்நாளில் ஒரு பூனையையும் வளர்த்ததில்லை. நடுநிலைமைக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்ததாகச் சுற்றறிக்கை சொன்னது.

'ஜேன் பெத்தல்' என்ற கப்பலில் நார்மன் கிரிம்ஷா கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஓல்டம் நகரத்து நூல் ஆலையிலிருந்து வந்தவன், வயது இருபத்திரண்டு. ஆள் எடுக்கும் இடத்தில், தனக்கு நீச்சல் தெரியாது, கடலைப் பார்த்தால் பயம் என்று உண்மையைச் சொல்லியிருந்தான். அதைக் கருணையோடு கேட்டுக்கொண்ட அதிகாரி, கடலே கண்ணில் படாத வேலையாகப் பார்த்துக் கொதிகலன் அறையில் போட்டார். அந்த அறை கடல் மட்டத்துக்கு ஏழு அடி கீழே இருந்தது.

ஜேன் பெத்தல் முப்பது வருடம் ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடித்த கப்பல். போர் வந்தபோது அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்க ஏற்பாடாகியிருந்தது. கடற்படை அதைக் காப்பாற்றி, சாம்பல் நிறம் பூசி, முந்தின போரில் மிஞ்சிய பீரங்கி ஒன்றை முன்னால் வைத்து, முப்பத்திரண்டு பேரை ஏற்றியது. மீன் வாடை மட்டும் போகவில்லை. ஆக்னஸ் என்ற வரிப்பூனை அந்த வாடைக்காகத்தான் கப்பலில் இருந்தது. கொதிகலன் அறையின் அடியில், கப்பலின் பக்கத் தகட்டை ஒட்டி, நார்மனின் மண்வெட்டி சாய்த்திருக்கும் மூலையில் ஒரு மடித்த சாக்கில் அது தூங்கும். ஆணையின்படி கப்பலுக்கு ஒரு பூனைப் பொறுப்பாளர் வேண்டும் என்றபோது, கேப்டன் ஹால்டேன் அந்தச் சாக்கைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், நார்மனை நியமித்தார்.

நார்மனுக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்பவன். பூனையைக் கவனிக்கச் சொன்னதால் பூனையைக் கவனித்தான். மூன்றாம் நாள் காலையில் அது சாக்கை விட்டுவிட்டுக் கரிக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தது. சாக்கைத் தொட்டுப் பார்த்தான். நனைந்திருந்தது. சாக்கை எடுத்துவிட்டு அடியில் கை வைத்தான். தண்ணீர் இருந்தது.

அவனோடு வேலை செய்த டேவி ப்ரோசர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயது, குள்ளமான ஆள். குனிந்து காதைத் தகட்டில் வைத்துக் கேட்டார்.

"இருபது வருஷம் பூமிக்கு அடியில கிடந்தவன்டா நான். தண்ணி வர்ற சத்தம் எனக்குத் தெரியும். இது வருது" என்றார்.

நார்மன் தகட்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். மறுநாள் காலை தண்ணீர் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் ஏறியிருந்தது. இன்னொரு கோடு போட்டான். அதற்கு மறுநாள் மூன்றாவது கோடு. பம்ப் போட்டு இறைத்தால் இறங்கும், நிறுத்தினால் ஏறும். புறப்பட ஆறு நாள் இருந்தது. நார்மன் விரலால் கணக்குப் போட்டு, கடலில் நான்கு நாள் தாங்கும் என்று கண்டுபிடித்தான். பயணம் பத்து நாள்.

கேப்டன் அவன் சொன்னதைக் கேட்டு, பழுதுப் பட்டியலில் எழுதிக் கப்பல் பட்டறைக்கு அனுப்பினார். பட்டறை மேற்பார்வையாளர் ஸ்கடமோர் கையில் சுத்தியலோடு வந்து சேர்ந்தார். தகட்டைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். ஸ்கடமோர் குழந்தையின் கன்னத்தைத் தட்டுவது போல் இரண்டு தட்டுத் தட்டினார். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டலாமே என்று நார்மன் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, பலமாகத் தட்டினால் ஓட்டை விழும், அப்புறம் யார் பொறுப்பு என்றார்.

"ஜனவரி ஒன்பதாம் தேதி இந்தத் தகடு நல்லா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கையெழுத்துப் போட்ட தகடு ஒழுகாது தம்பி."

"அப்ப இந்தத் தண்ணி, சார்?"

"வேர்வை. இரும்பு வேர்க்கும்."

நார்மன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். "உப்புக் கரிக்குது சார்."

"உன் வேர்வை இனிக்குதாக்கும்" என்று கேட்டுவிட்டு ஸ்கடமோர் ஏணியில் ஏறிப் போனார். பட்டியலில் அந்த வரிக்கு எதிரே 'இயற்கையானது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

ப்ரோசர் ரொம்ப நேரம் சிரித்தார். "விடுடா. அந்த ஆளு பொண்டாட்டி செத்துக் கிடந்தாலும், ஜனவரி ஒன்பதாம் தேதி நல்லாத்தான் இருந்தாள்னு எழுதிக் குடுப்பான்."

பூனை இறங்கியது செவ்வாய்க்கிழமை. கப்பல் புறப்பட வேண்டியது வியாழன். கரைக்கு இறங்கும் ஏறுபலகையின் மேல்முனையில் நார்மன் காவல் நின்றான். கழுத்தில் ஊதல், பக்கத்தில் பூனை உயரத்துக்குச் செய்த ஒரு மரக் கதவு. ஆக்னஸ் கொதிகலன் அறை ஏணியில் ஏறி வந்தது. நான்கு பாதமும் நனைந்திருந்தன. ஒவ்வொரு பாதமாக உதறிக்கொண்டு ஏறுபலகை வரை வந்து, நார்மனைப் பார்த்தது.

கதவைச் சாத்த வேண்டும், ஊத வேண்டும். அதுதான் வேலை. நார்மன் மெதுவாக யோசிப்பவன். ஆனால் யோசித்தால் கடைசி வரை யோசிப்பவன். அவனுக்கு ஆணையின் இரண்டாம் பிரிவு ஞாபகத்துக்கு வந்தது. பூனை இல்லாத கப்பல் புறப்படக் கூடாது. தகட்டில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க அவனால் முடியாது. பூனை இல்லை என்று நிரூபிக்க முடியும்.

அவன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். நிமிர்ந்தபோது ஆக்னஸ் கரிக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பிறகு முறைப்படி ஊதலை எடுத்து ஊதினான்.

வியாழக்கிழமை ஜேன் பெத்தல் புறப்படவில்லை. முப்பத்திரண்டு பேரும் மேல்தட்டில் நின்று தேநீர் குடித்தார்கள். கேப்டன் ஹால்டேன் மீனவக் குடும்பத்துக்காரர், உண்மையிலேயே சகுனம் பார்க்கிறவர். பூனை போன திசையைப் பார்த்து, அவளுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். நார்மனுக்கு முதன்முறையாகக் கடற்படையின் மேல் ஒரு மரியாதை வந்தது. இனி விசாரணை வரும். பூனை ஏன் போனது என்று கேட்பார்கள். சாக்கு நனைந்ததால் என்று சொல்வான். சாக்கு ஏன் நனைந்தது என்று கேட்பார்கள். இரண்டே கேள்விதான். யாராக இருந்தாலும் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

விசாரணை வந்தது. பச்சைத் துணி விரித்த நீள மேஜைக்குப் பின்னால் துறைமுகத் தலைவர் கமாண்டர் பாய்ஸ், பக்கத்தில் லெப்டினன்ட் பாம்ஃப்ரெட். மேஜையின் மேல் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள் ஆக்னஸ். மீன் சந்தைக்குப் பின்னால் நான்கு வீரர்கள் ஒன்றரை நாள் தேடிப் பிடித்திருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கையில் கட்டு. கூடையில் 'சாட்சிப் பொருள் 1' என்று சீட்டுத் தொங்கியது.

முதல் ஒரு மணி நேரம், பூனை விடுப்பில்லாமல் போனதா, ஓடிப்போனதா என்பதில் கழிந்தது. திரும்பி வரும் எண்ணம் இருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது. எண்ணத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லாததால், பிடிக்க வந்தபோது அது எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று வீரர்களிடம் கேட்டார்கள். மூன்று பேர் மீன் பக்கம் என்றார்கள். கையில் கட்டுப் போட்டவர் தன் பக்கம் என்றார்.

பிறகு நார்மனைக் கூப்பிட்டார்கள். பூனை எதற்காக இறங்கியது என்று பாம்ஃப்ரெட் கேட்டார்.

"அது படுக்கிற சாக்கு நனைஞ்சிருச்சு சார். ஏன்னா தகட்டுல ஓட்டை, தண்ணி வருது. ஒரு நாளைக்கு ரெண்டு விரல் ஏறுது. கோடு போட்டு வச்சிருக்கேன்."

பாம்ஃப்ரெட் எழுத்தரைப் பார்த்து, 'சாக்கு நனைந்திருந்தது' என்று எழுதச் சொன்னார். எழுத்தர் எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, மை ஒற்றினார்.

நார்மன் காத்திருந்தான். இரண்டாவது கேள்வி வரவில்லை. அவனாகவே வாயைத் திறந்தபோது, கேட்காததற்குப் பதில் சொல்லக் கூடாது என்றார்கள். கமாண்டர் பாய்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"கனவான்களே, ஒரு பூனைய ஈரத்துல படுக்க வச்சிட்டு, அதுகிட்ட விசுவாசத்த எதிர்பார்க்கிறது காட்டுமிராண்டித்தனம். நாம யாரோட சண்டை போடுறோமோ அவங்க அப்படிச் செய்வாங்க. நாம செய்யக் கூடாது. முப்பத்திரண்டு பேரும் ஈரத்துலதான் படுக்கிறாங்க, தெரியும். அது வேற விஷயம். அவங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்தவங்க. பூனை எங்கயும் கையெழுத்துப் போடல."

பாம்ஃப்ரெட்டின் கண் லேசாகக் கலங்கியது. உடனடியாக நடவடிக்கை எடுக்க உத்தரவாயிற்று.

மறுநாள் காலை பட்டறையிலிருந்து இரண்டு தச்சர்கள் வந்து கொதிகலன் அறைக்குள் இறங்கினார்கள். கையில் துளைபோடும் கருவி, இரும்புச் சட்டங்கள், திருகாணிகள், நல்ல ஓக் பலகை. நார்மன் ஓட்டை இருக்கும் இடத்தை ஓடிப்போய்க் காட்டினான், விளக்கையும் பிடித்தான். பெரிய தச்சர் அதைப் பார்த்துவிட்டு, அது தங்கள் வேலைச் சீட்டில் இல்லை என்றார். அவர்கள் வந்தது பூனைக்குக் கட்டில் போட. தண்ணீர் எட்டாத உயரத்தில், பக்கத் தகட்டில் திருகாணியால் முடுக்கி, மெத்தையோடு. கமாண்டரே வரைபடத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

"எதுல முடுக்கப் போறீங்க?" என்று கேட்டார் ப்ரோசர்.

"தகட்டுலதான். வேற எதுல?"

"அந்தப் பக்கம் கடல் இருக்குய்யா."

"அது எங்களுக்குத் தெரியாதா" என்றார் தச்சர். "அதுக்குத்தான் நட்டு இருக்கு."

நான்கு துளை போட்டார்கள். அரை நாள் ஆகும் என்று நினைத்த வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. கருவி வெண்ணெயில் போவது போல் போனது. தச்சர்களுக்கு ஒரே சந்தோஷம். திருகாணிகளைச் சுற்றி நீர் முத்து முத்தாகக் கோத்தது. சின்னத் தச்சர் ஒரு நட்டை நன்றாக இறுக்கினார். சுற்றியிருந்த தகடும் கூடவே நகர்ந்து வந்தது. அவர் உடனே கையை எடுத்துக்கொண்டு, பாதித் திருகு பின்னால் விட்டு, இதை இனிமேல் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக்னஸைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். இறங்கிவிட்டது. மறுபடி வைத்தார்கள், இறங்கிவிட்டது. ஏழாவது முறை பாம்ஃப்ரெட் கழுத்துப் பட்டையும் சங்கிலியும் வரவழைத்தார். சங்கிலியின் மறுமுனையைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இளகிய மனம் கொண்ட எவனாவது அவிழ்த்துவிடக் கூடாது என்பதால் சாவி கரையில்தான் இருக்கும் என்றார்.

கேப்டன் ஹால்டேனுக்கு இது சரியாகப் படவில்லை. கட்டிவைத்த பூனை எப்படிச் சகுனமாகும், தானாக இருந்தால்தானே கணக்கு என்று கமாண்டரிடமே போய்க் கேட்டார். கமாண்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"விருப்பத்தோட இருக்கணும்னு ஆணையில எங்கய்யா இருக்கு? 'இறங்கக் கூடாது'ன்னுதான் இருக்கு. இந்தத் துறைமுகத்துல யாரு விருப்பத்தோட இருக்கா? நீங்க இருக்கீங்களா? நானே இல்ல. நான் ஜிப்ரால்டருக்கு மாத்தல் கேட்டிருந்தேன்."

'பூனை கப்பலில் உள்ளது' என்ற சான்றிதழ் அன்றே கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவின்படி இனி கப்பல் புறப்படாமல் இருக்க முடியாது.

நார்மன் மேல் தனி வழக்கு நடந்தது. தொப்பியைக் கழற்று என்றார்கள், கழற்றினான். காலணிக் கயிறு கட்ட நான்கு நிமிடம் எதற்கு என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். பூனை போனால் கப்பல் நிற்கும் என்றுதான் விட்டேன். என்னை எத்தனை மாதம் வேண்டுமானாலும் அடைத்துப் போடுங்கள். கப்பலை மட்டும் விடாதீர்கள், நான்கு நாளில் முழுகிவிடும் என்றான். குற்றவாளி மனம் வருந்துவதாக எழுத்தர் பதிவுசெய்தார். பதினான்கு நாள் கரைச் சிறை.

அவனுடைய மூட்டையைக் கொடுக்க ப்ரோசர்தான் வந்தார். கம்பிக்கு வெளியே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"அப்பச் சரி" என்றார். "ஒரு கோடு நானும் போட்டேன்டா, காலையில. நாலு விரல்." மூட்டையை வைத்துவிட்டுப் போனார்.

ஜேன் பெத்தல் திங்கட்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மூழ்கியது. நார்மன் நான்கு நாள் என்று சொல்லியிருந்தான். மூன்றரை நாள்தான் ஆயிற்று. கட்டிலை அவன் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

நான்கு பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் சமையல்காரர் ஆல்பர்ட் நட்டால். சிறைக் கைதிகள் மருத்துவமனைக்குக் கரி தூக்கிக் கொண்டுபோவது வழக்கம். அப்படிப் போனபோது நார்மன் அவரைப் பார்த்தான். இரண்டு கால்களுக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நடந்ததை மெனு வாசிப்பது போல் சொன்னார்.

கடல் குளம் மாதிரி இருந்ததாம். வெயில் வேறு. பக்கத்தில் ஒரு மைலில் இன்னொரு கப்பல்; கரையிலிருந்து உத்தரவு வந்தால் இருபது நிமிடத்தில் வந்துவிடும். கேப்டன் ஹால்டேன் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட மனிதர். தந்தி அடிப்பவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நீர் புகுந்து மூழ்குகிறோம். கப்பலைக் கைவிட அனுமதி வேண்டும்."

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "பூனை உள்ளதா?"

"உள்ளது."

"அப்படியானால் மூழ்கவில்லை. மறுபடி பார்க்கவும்."

"மறுபடி பார்த்தோம். கொதிகலன் அறையில் கழுத்தளவு."

"யார் கழுத்து?"

"ப்ரோசர்."

"அவர் உயரம் நாலடி பதினொன்று என்று பதிவேட்டில் உள்ளது. சராசரி உயரமுள்ள ஒருவரை நிறுத்திப் பார்க்கவும்."

நிறுத்திப் பார்த்ததாக நட்டால் சொன்னார். அவருடைய உயரம் சராசரி என்பதால் அவரைத்தான் இறக்கினார்களாம். மார்பளவுதான் இருந்தது. அப்படியே தந்தி கொடுத்தார்கள். நிலைமை முன்னேறியிருப்பதைக் கரை வரவேற்றது.

"அப்பத்தான் கேப்டனுக்கு வழி தெரிஞ்சுது" என்றார் நட்டால். "பூனை இருக்கிற வரைக்கும் நாம மூழ்கல. பூனையத் தூக்கித் தண்ணியில போட்டா மூழ்குறோம்னு கரையில இருக்கிறவன் ஒத்துக்கிடுவான், அனுமதி கிடைச்சிரும். டேவி ப்ரோசர்கிட்ட, கீழ போய் அதை அவுத்துட்டு வாடான்னாரு. சாவி இல்ல. டேவி கரிச் சுத்தியலால சங்கிலிய அடிச்சுப் பார்த்தான். நல்ல சங்கிலி. அப்புறம் கட்டிலையே புடுங்குறேன்னு ரெண்டு காலையும் தகட்டுல உதைச்சுக்கிட்டு இழுத்தான்."

"வந்துச்சா?" என்று கேட்டான் நார்மன்.

"வந்துச்சு. தகட்டோட."

கரிக் கூடையை இறக்கிவைத்த நார்மன் அதை மறுபடி தூக்க மறந்து நின்றான். காவலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தான்.

அடுத்த விசாரணையில் பச்சைத் துணி புதிதாக இருந்தது. ஸ்கடமோர் ஜனவரி ஒன்பதாம் தேதிக் கையெழுத்தைக் காட்டினார். பாம்ஃப்ரெட் பூனைச் சான்றிதழைக் காட்டினார். ஆணை 114 ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டது, பூனை கடைசிக் கணம் வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, கப்பலை விட்டு இறங்கவில்லை என்பதைக் குழு பெருமையோடு குறித்துக்கொண்டது. ஆகவே கப்பல் மூழ்கியிருக்க நியாயமில்லை. ஆனால் மூழ்கியிருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கப் பாம்ஃப்ரெட் இரண்டு இரவு உட்கார்ந்து ஆணையை முதலிலிருந்து படித்திருந்தார்.

"ஐயா, நாம 'பூனை'ங்கிற வார்த்தையிலேயே நின்னுட்டோம்" என்றார். "முக்கியமானது பூனை இல்ல, இறங்குறது. ஜேன் பெத்தல் கிளம்புறதுக்கு முன்னால நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள அதை விட்டு இறங்கின உயிர் ஒண்ணே ஒண்ணுதான்."

சிறையிலிருந்து கூட்டிவந்து கதவோரம் நிறுத்தியிருந்த நார்மனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதான சார் என்னை இறக்குனீங்க" என்றான் நார்மன்.

கமாண்டர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கோபமே இல்லை. "யாரு இறக்குனாங்கங்கிறது இங்க கேள்வி இல்லப்பா. நீ இருந்த வரைக்கும் கப்பல் மிதந்துச்சு. நீ போனே, முழுகிச்சு. முப்பத்தொரு பேர் இருந்தும் காப்பாத்த முடியல. உன்னோட அருமை உனக்கே தெரியல. உன்னை விட்டது எங்க தப்பு. தப்ப ஒத்துக்கிற தைரியம் இந்தக் கடற்படைக்கு இருக்கு."

அப்படிச் சொல்லி, எழுந்து நின்று, அவனுக்குக் கை கொடுத்தார். இறந்த இருபத்தேழு பேரைப் பற்றி அந்த அறையில் யாரும் சொன்ன ஒரே வார்த்தை அதுதான், 'முப்பத்தொரு பேர் இருந்தும்' என்பது.

ஆணையில் நான்காம் பிரிவு சேர்க்கப்பட்டது. கிரிம்ஷா உள்ள கப்பலிலிருந்து கிரிம்ஷா இறங்கக் கூடாது.

முதலில் அவனைப் புதுக் கப்பல் ஒன்றில் போட்டார்கள். கிளைட் நதிக்கரையில் கட்டி வந்து ஒரு மாதம்கூட ஆகாத கப்பல். நார்மன் கொதிகலன் அறைக்கு இறங்கி, தகடு தகடாகக் கையால் தடவிப் பார்த்தான். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. அன்று அவன் எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கினான். ப்ரோசர் கனவில் வந்தபோதும் விழித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பாம்ஃப்ரெட் நேரிலேயே வந்தார். கொஞ்சம் சங்கடத்தோடு, தொப்பிக் கடையில் அளவு பொருந்தாத வாடிக்கையாளரிடம் பேசுவது போல் பேசினார்.

"உன்னை இங்க போட்டது எங்க தவறுதான், கிரிம்ஷா. இது நல்ல கப்பல். நல்ல கப்பல்ல உன்னை வச்சு வீணாக்க முடியுமா, நீயே சொல்லு. துறைமுகத்திலேயே மோசமான கப்பல் எதுன்னு பட்டறையில கேட்டேன். ஸ்கடமோர் உடனே சொல்லிட்டாரு. ரொம்ப உதவியான மனுஷன்."

அந்தக் கப்பலின் பெயர் 'எலன் ஸ்டார்க்'. கடைசித் துறைமேடையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு வீரர்கள் முன்னும் பின்னும் வர, நார்மனை அங்கே கூட்டிப்போனார்கள். மேல்தட்டில் இருந்தவர்கள் அவன் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒருவர் மரியாதைக்காகத் தொப்பியைக்கூடத் தொட்டார். அந்த முகங்களில் இருந்த நிம்மதியை நார்மன் வேறு ஒரு நாளில் பார்த்திருந்தால் அவனும் சந்தோஷப்பட்டிருப்பான்.

ஏறுபலகையில் காலை வைக்கப் போனவனைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார்கள். மேலேயிருந்து இரண்டு பேர் கனமான எதையோ கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது. கப்பலின் பம்ப். அதன் குழாயிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"இதை எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டான்.

"அடுத்த கப்பலுக்கு" என்றார் பின்னால் பிடித்திருந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "அங்க ஓட்டை சின்னதுதான். ஆனா பாவம், அவங்களுக்கு நீ இல்லையே."

ஏறுபலகை குறுகலானது. பம்ப் இறங்கி முடியும்வரை நார்மன் ஒதுங்கி நின்றான். பிறகு ஏறினான்.